பிறவாதவரின் இறப்பு: தொலைக்காட்சிக் கதைமாந்தரும் நேயரின் துயரமும்



இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மொழி மேடைக்கு ஏற்றதன்று என முதற்பார்வையில் சிலருக்குத் தோன்றலாம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பலரின் அன்புக்கு உரியவராக விளங்கிய கதைமாந்தர் ஒருவர் எதிர்பாராத வகையில் இறந்துவிடுகிறார். அதனைக் கண்ட நேயர்கள் அழுகின்றனர், சினம் கொள்கின்றனர், கடிதம் எழுதுகின்றனர், சிலர் மலர் வைத்து அஞ்சலியும் செலுத்துகின்றனர். பிறந்தே இராத ஒருவர் இறந்ததற்கு இத்துணைத் துயரா என மற்றவர் நகைக்கின்றனர்.

அழுதவர் பேதையரா, நகைத்தவர் அறிவுடையவரா என்பதே நம் வினா. இலக்கியம் கற்பிப்போர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. கோவலன் கொலையுண்ட பகுதியைப் படித்துக் கண்கலங்கும் மாணவியை நாம் பாராட்டுகிறோம். முந்திய இரவு பார்த்த தொடரின் மாந்தர் இறந்ததற்காகக் கலங்கும் அதே மாணவியிடம், 'இதற்கெல்லாமா அழுவது?' என்று கேட்கிறோம். இரண்டு கண்ணீருக்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்பதை நாம் தெளிவுபடுத்திக்கொண்டோமா?

1975: ஒரு விடைபெறலும் ஒரு செய்தியும்

பொருளை விளக்க, நன்கு அறியப்பட்ட நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1972 செப்டம்பரில் 'மேஷ்' என்னும் தொடர் தொடங்கியது. கொரியப் போரின்போது போர்முனைக்கு அருகில் இயங்கிய நடமாடும் இராணுவ அறுவை மருத்துவமனை ஒன்றே அதன் களம். அத்தகைய மருத்துவமனையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தே தொடருக்குப் பெயரிட்டனர். அரை மணி நேர நகைச்சுவைத் தொடர் அது. காயமுற்ற வீரர்களுக்கு இடைவிடாது அறுவை செய்யும் மருத்துவர்கள், மனம் சிதையாமல் இருப்பதற்காகவே வேடிக்கை பேசுவார்கள்.

அம்மருத்துவமனையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக். மெக்லீன் ஸ்டீவன்சன் அவ்வேடத்தை ஏற்றிருந்தார். மிடுக்கான படைத்தலைவர் அல்லர் பிளேக். இல்லினாய் மாநிலத்தில் மனைவி மக்களோடு அமைதியாக வாழ்ந்து, போரின் பொருட்டு அழைக்கப்பட்ட மருத்துவர். மீன்பிடிப்போர் அணியும் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, எழுத்தர் ரேடார் நீட்டும் தாள்களில் படித்துப் பாராமலே கையொப்பமிடுவார். குறைகள் நிறைந்த அந்த மனிதரை நேயர்கள் மிகவும் நேசித்தனர்.

மூன்றாம் பருவத்தின் இறுதியில் ஸ்டீவன்சன் தொடரிலிருந்து விலக முடிவு செய்தார். எனவே பிளேக்கையும் அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. 1975ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள், தொடரின் 72ஆம் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதன் தலைப்பு 'அபிசீனியா, ஹென்றி' என்பதாகும். இஃது ஒரு சொல்விளையாட்டு. 'பிறகு சந்திப்போம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை விரைந்து ஒலித்தால், எத்தியோப்பிய நாட்டின் பழம்பெயராகிய அபிசீனியா என்பதுபோல் செவியில் விழும். தமிழர்களாகிய நாமும் வாயிலைத் தாண்டும்போது 'போகிறேன்' எனக் கூறுவதில்லை; 'போய் வருகிறேன்' என்றே கூறுகிறோம். விடைபெறும் சொல்லுக்குள் மீண்டும் வருவதாகிய வாக்குறுதியை வைப்பது இரு மொழிக்கும் பொதுவான வழக்கம். அவ்வாக்குறுதி முறியப்போவதைத் தலைப்பு அறிந்திருந்தது, நேயர்கள் அறிந்திருக்கவில்லை.

பகுதியின் பெரும்பாலான நேரம் மகிழ்ச்சியாகவே செல்கிறது. பிளேக் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். நண்பர்கள் விருந்து அளிக்கின்றனர். ஹெலிகாப்டரில் ஏறப்போகுமுன் திரும்பி ஓடிவந்து ரேடாரைத் தழுவிக்கொள்கிறார். நேயர்கள் அத்தோடு முடிந்தது எனக் கருதிய வேளையில் இன்னொரு காட்சி வருகிறது. அறுவைக்கூடத்தில் மருத்துவர்கள் பணியில் மூழ்கியிருக்கின்றனர். ரேடார் முகக்கவசமும் அணியாமல் உள்ளே வந்து, கையிலுள்ள செய்தியைப் படிக்கிறார். பிளேக் சென்ற விமானம் ஜப்பான் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியவர் எவரும் இலர். அவ்வளவே. மருத்துவர்களின் கைகள் நிற்கவில்லை. கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன.

அக்காட்சிக்கு உரிய தாளை அப்பகுதியின் இயக்குநரும் தொடரின் முதன்மைப் படைப்பாளருமான லாரி கெல்பார்ட் தம்மிடமே வைத்திருந்தார். மற்றக் காட்சிகள் அனைத்தும் படமாக்கப்பட்ட பின்னரே அதனை நடிகர்களிடம் கொடுத்தார். படப்பிடிப்பின்போது அறுவைக் கருவி ஒன்று தற்செயலாகத் தரையில் விழுந்தது. அந்த ஓசையை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டனர்.

ஒரு மொழிக் கூறினை இங்கே கருதல் வேண்டும். ரேடார் படித்த செய்தியில் துயரம் என்னும் பொருள்தரும் சொல் ஒன்றுகூட இல்லை. எங்கே, என்ன நிகழ்ந்தது, விளைவு யாது என்னும் மூன்றே உள்ளன. அடைமொழி நீக்கப்பட்ட அலுவலக நடையே கேட்போர் நெஞ்சில் மிகுதியாகத் தைத்தது. துயரத்தைக் கூறுவதற்குத் துயரச் சொற்கள் மிகுதியாக வேண்டும் என எண்ணிக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு இஃது ஒரு நல்ல பாடம்.

கடிதங்கள் கூறியவை

ஒளிபரப்புக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்சும் அவற்றுள் பலவற்றுக்குத் தாமே மறுமொழி எழுதினர். எதிர்ப்புத் தெரிவித்தோரின் முறையீட்டில் இரண்டு கூறுகளைப் பிரித்துக் காணலாம். ஒன்று, நகைச்சுவைத் தொடர் என நம்பிக் குடும்பத்தோடு அமர்ந்தவர்களை ஏமாற்றிவிட்டனர் என்பது. மற்றொன்று, நல்ல மனிதர் ஒருவரை வீடு திரும்ப விட்டிருக்கலாமே என்னும் ஆற்றாமை.

படைப்பாளிகள் கூறிய விடை எளியது. போரில் எல்லாரும் வீடு திரும்புவதில்லை. ஒவ்வொரு வாரமும் பெயரற்ற வீரர்கள் பலர் அத்தொடரில் மாண்டனர்; நேயர்கள் அவர்களுக்காக அழவில்லை. பெயரும் முகமும் குடும்பமும் உடைய ஒருவர் இறந்தபோதுதான், பெயரற்ற ஒவ்வொருவரின் வீட்டிலும் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நேயர்கள் உணர்ந்தனர். அக்காலச் சூழலையும் நாம் கருத வேண்டும். அப்பகுதி ஒளிபரப்பாகி ஆறு வாரங்கள் கழித்து, 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வீழ்ந்து வியட்நாம் போர் முடிவுற்றது. பார்த்தோருள் மகனையோ உடன்பிறந்தானையோ அப்போரில் இழந்தவர்கள் இருந்திருப்பர். அவர்களுக்கு அச்செய்தி கற்பனையன்று.

கடிதம் எழுதியோர் மயக்கத்தில் இருந்தனர் எனக் கூறுவதும் பொருந்தாது. அவர்கள் தம் கடிதங்களைப் படைப்பாளிகளுக்கே எழுதினர். 'ஏன் இவ்வாறு எழுதினீர்கள்?' என்பதே அவர்களின் கேள்வி. எழுதப்பட்டது என்பதை அறிந்தவர்தாம் எழுதியவரிடம் நியாயம் கேட்க இயலும். ஆகவே, உண்மைக்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமையே இத்துயரின் காரணம் என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று.

ஒருபக்க உறவு

அவ்வாறாயின் காரணம் யாது? 1956ஆம் ஆண்டில் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் ஆய்வாளர் இருவர், தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றுவோர்க்கும் அவர்களைக் காண்போர்க்கும் இடையே உருவாகும் நெருக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிகழ்ச்சி நடத்துநரை நேயர் நன்கு அறிவார். நடத்துநரோ நேயரை அறியார். எனினும் நேயர் நெஞ்சில் அது நட்பைப் போலவே இயங்குகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் இக்கருத்தைக் கதைமாந்தருக்கும் விரித்துரைத்தனர். தமிழில் இதனை 'ஒருபக்க உறவு' எனலாம். கைக்கிளை என்னும் சொல் உடனே நினைவுக்கு வரும். ஆயினும் அஃது ஒருதலைக் காமத்தைச் சுட்டும் அகத்திணைக் கலைச்சொல்லாகையால், நட்பையும் பாசத்தையும் குறிக்க அதனைக் கையாளுதல் பொருந்தாது.

இவ்வுறவு தொடரில் ஏன் வலிமை பெறுகிறது என்பதையும் கருதுவோம். 72 அரைமணிப் பகுதிகளைக் கூட்டினால் 36 மணி நேரமே ஆகும். அந்த 36 மணி நேரம் மூன்று ஆண்டுகளில் பரவிக் கிடந்தது. நேயரின் வீட்டில் குழந்தை பிறந்தது, முதியவர் மறைந்தார், வேலை மாறிற்று, குறித்த நாளில் குறித்த நேரத்தில் பிளேக் மட்டும் தவறாமல் வந்தார். அவர் நேயரின் வார ஒழுங்கில் ஓர் இடம் பெற்றுவிட்டார். அவர் போனபின் அவ்விடம் வெறுமையாகிறது. அண்டை வீட்டார் குடிபெயர்ந்தபின் இருண்டு கிடக்கும் பலகணியைப் பார்க்கும்போது தோன்றும் வெறுமை அத்தகையதே.

மெய்ப்பாட்டியல் காட்டும் வழி

மேலை ஆய்வாளர் 20ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த இவ்வுணர்வை விளக்கும் கருவி நம்மிடமும் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, அவற்றுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறார். இழவு என்பதை விளக்கும் உரையாளர், உற்றாரை இழத்தலை மட்டுமன்றி, இன்பம் தந்த பிறவற்றை இழத்தலையும் அதன்கண் அடக்குவர். தன்னிடத்துத் தோன்றிய துன்பத்தால் மட்டுமன்றிப் பிறரிடத்துத் தோன்றிய துன்பத்தாலும் அழுகை பிறக்கும் என்பதும் அவர்தம் விளக்கம்.

இவ்விரு குறிப்புகளையும் கொண்டு நேயரின் துயரை நோக்கினால் அதன் இரட்டைத் தன்மை புலப்படும். பிளேக்குக்காகவும் அவர் வரவை எதிர்நோக்கியிருந்த குடும்பத்துக்காகவும் அழுவது பிறர்கண் தோன்றிய இழவு. வாரந்தோறும் தனக்கு இன்பம் தந்த ஒன்று போய்விட்டதே என அழுவது தன்கண் தோன்றிய இழவு. முன்னது இரக்கம்; பின்னது ஏக்கம். கோவலனுக்காக வருந்தும் மாணவியிடம் முன்னது மிகுந்திருக்கிறது. தொடர்மாந்தருக்காக அழுபவரிடம் இரண்டும் கலந்திருக்கின்றன. நாம் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. இரு கண்ணீருக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று இழிந்தது என்னும் வேறுபாடு அன்று.

துயரம் தேடும் வடிவங்கள்

துயரம் தனக்கு ஒரு வடிவத்தைத் தேடும். பாரி மறைந்தபின் கபிலர் பாடியவை கையறுநிலைப் பாடல்களாயின. கதைமாந்தரை இழந்த நேயர்களும் அறிந்த சடங்குகளையே நாடுகின்றனர்.

ஜப்பானில் 'அஷிதா நோ ஜோ' என்னும் குத்துச்சண்டைச் சித்திரக்கதை 1968 முதல் வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதில் நாயகனின் எதிராளியாகிய ரிகிஷி தோரு இறந்தபோது, 1970ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் தோக்கியோவில் பதிப்பகத்தின் கட்டடத்திலேயே அவனுக்கு இறுதிச் சடங்கு நடைபெற்றது. கவிஞரும் நாடகாசிரியருமான தெராயாமா ஷூஜி முன்னின்று நடத்திய அச்சடங்கில் ஏறத்தாழ 700 பேர் கலந்துகொண்டனர். பௌத்தத் துறவி மந்திரம் ஓதினார். அடுத்த மாதமே அக்கதை தொலைக்காட்சித் தொடராகவும் தொடங்கியது.

பிரிட்டனில் 2009 ஜூலையில் ஒளிபரப்பான 'டார்ச்வுட்' தொடரில் இயாண்டோ ஜோன்ஸ் என்னும் இளைஞன் இறந்துபட்டான். நேயர்கள் வேல்ஸ் தலைநகராகிய கார்டிஃபின் துறைமுகப் பகுதியில், தொடரில் காட்டப்பட்ட ஒரு வாயிலின் அருகே மலர்களையும் கடிதங்களையும் வைக்கத் தொடங்கினர். பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது நினைவிடமாகவே நீடித்தது. அவன் பெயரால் குழந்தைகள் நல நிதிக்குப் பணம் திரட்டியோரும் உளர். எழுத்தாளர்களைத் தகாத சொற்களால் தூற்றியோரும் உளர். ஒரே துயரம் ஒருவரை ஈகைக்கும் மற்றொருவரை வசைக்கும் இட்டுச் செல்கிறது. துயரம் கொள்வது பிழையன்று. அதனை எதற்குரிய வாயிலாக்குகிறோம் என்பதிலேதான் நெறி இருக்கிறது.

மீண்டும் உயிர்ப்பித்தல்

நேயர்களின் வற்புறுத்தலால் இறந்தவரை மீட்டுக்கொணர்ந்த படைப்புகளும் உண்டு. ஆர்தர் கோனன் டாயில் 1893இல் ஷெர்லாக் ஹோம்சை அருவியில் வீழ்த்தினார். வாசகர் எதிர்ப்புக்குப் பின் 1903இல் அவரை உயிரோடு திரும்பவைத்தார். அமெரிக்கத் தொடராகிய 'டாலஸ்', 1985இல் இறந்த பாபி யூவிங்கை 1986இல் மீட்டது; அதன்பொருட்டு, இடையில் ஒளிபரப்பான ஒரு பருவம் முழுவதும் முன்னாள் மனைவி கண்ட கனவு என்று கூற வேண்டியதாயிற்று. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பி கபி பஹூ தீ' என்னும் இந்தித் தொடரிலும் இறந்த நாயகன் மிஹிர், நேயரின் பெருங்குரலுக்குப் பின் திரும்பினான்.

நேயர் மகிழ்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அம்மகிழ்ச்சிக்கு ஒரு விலை உண்டு. ஓர் ஆண்டுக் கதையைக் கனவு என்று சொன்னபோது, அவ்வாண்டில் நேயர் பட்ட துயரும் பொய்யாகிவிட்டது. ஒருமுறை மீண்டவர் அடுத்த முறை இறக்கும்போது எவர் அழுவார்? 'மேஷ்' தொடர் 1983 வரை நடைபெற்றது. பிளேக் திரும்பவே இல்லை. அதனாலேயே அவ்விறப்பு இன்றும் பேசப்படுகிறது.

குழந்தைகளுக்குச் சொல்லிய முறை

இனி, ஆசிரியர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய நிகழ்வு ஒன்றைக் காண்போம். 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியில், 1969இல் அது தொடங்கிய காலந்தொட்டுக் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் வில் லீ. அவர் 1982 டிசம்பரில் காலமானார். வேறு நடிகரை அமர்த்தலாம். ஹூப்பர் ஊர் மாறிப் போனார் எனக் கூறலாம். தயாரிப்பாளர்கள் இரண்டையும் விலக்கினர். அறிஞர்களைக் கலந்து, ஹூப்பரும் இறந்துவிட்டார் எனக் குழந்தைகளுக்குச் சொல்வதென முடிவு செய்தனர். பெற்றோர் வீட்டில் உடனிருக்கக்கூடிய நன்றி நவிலல் நாளாகிய 1983 நவம்பர் 24இல் அப்பகுதி ஒளிபரப்பாயிற்று.

அதில் பிக் பர்ட் என்னும் பெரிய மஞ்சள் பறவை தன் நண்பர்கள் எல்லாரையும் படமாக வரைந்து கொடுக்கிறது. ஹூப்பரின் படத்தை அவர் வந்ததும் கொடுப்பேன் என்கிறது. பெரியவர்கள் அவர் இறந்துவிட்டதை நினைவூட்டி, இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என எடுத்துரைக்கின்றனர். ஏன் இப்படி நிகழ வேண்டும் எனப் பறவை கேட்கிறது. அதற்குக் காரணம் சொல்ல இயலாது, அப்படித்தான் என்பதே விடை. உடனிருந்த நடிகர்களும் தம் தோழரை உண்மையிலேயே இழந்தவர்கள்.

அவ்வுரையாடலில் சொல்லாமல் விட்டவற்றையும் நோக்க வேண்டும். முதுமையால் இறந்தார், நோயுற்று இறந்தார் என அவர்கள் கூறவில்லை. கூறியிருந்தால், பாட்டிக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் குழந்தை அஞ்சும். உறங்கிவிட்டார் எனக் கூறியிருந்தால், குழந்தை இரவில் கண்மூடவே தயங்கும்.

தமிழில் மங்கல வழக்கு என ஒன்று உண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்று கூறுவதை இலக்கண நூலார் தகுதி வழக்கின்பாற்படுத்துவர். இயற்கை எய்தினார், மறைந்தார், காலமானார் என நாம் வழங்குவனவும் அத்தகையனவே. முதிர்ந்தோர் அவையில் இவை பண்பாடு. பொருளை முன்பே அறிந்தவருக்கே மங்கல வழக்கு மென்மையாகும். அறியாத குழந்தைக்கு அது புதிராகும். ஆகவே பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 'இறந்துவிட்டார்' என்னும் நேர்ச்சொல்லைக் கனிவோடு சொல்லப் பழக வேண்டும். எவ்வவையில் எச்சொல் தகும் என அறிவதும் மொழிக்கல்வியே.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கவை

நம் மாணவர்கள் தமிழ், மலாய், ஆங்கிலம், சீனம், கொரியம் எனப் பல மொழித் தொடர்களைக் காண்கின்றனர். அவர்களுள் ஒருவர் அன்புக்குரிய மாந்தரை இழந்து வாடிய முகத்தோடு வரக்கூடும். கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க அறிஞர், சுற்றியுள்ளோர் துயரம் என்றே ஒப்பாத துயரத்தை 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். 'ஏற்கப்படாத துயர்' என அதனைத் தமிழில் கூறலாம். ஏற்கப்படாத துயர் மறைந்துவிடுவதில்லை. பேசுவதற்கு இடமின்றி உள்ளே தங்கிவிடுகிறது. அன்றியும், தாத்தா இறந்தபோது அழ இயலாமற்போன சிறுவன் ஈராண்டு கழித்து ஒரு தொடரின் முன் அழலாம். அவன் யாருக்காக அழுகிறான் என்பதை நாம் அறியோம். நகைக்குமுன் நாம் தயங்க வேண்டியது அதனாலேயே.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, அம்மாந்தரிடம் உனக்குப் பிடித்தது யாது எனக் கேட்டு, அதனைத் தமிழில் ஒரு பத்தியாக எழுதச் செய்தல். 'நல்லவர்' என்னும் பொதுச்சொல்லைத் தவிர்த்து, அவர் செய்த ஒரு செயலைக் கூறுமாறு நெறிப்படுத்தல். இரண்டாவது, அவ்விறப்பு கதைக்குத் தேவைப்பட்டதா, வெறும் அதிர்ச்சிக்காகப் புகுத்தப்பட்டதா எனச் சான்று காட்டி வழக்காடச் செய்தல். திறனாய்வின் முதற்படி இதுவே. மூன்றாவது, கையறுநிலைப் பாடல் ஒன்றை அப்போது கற்பித்தல். இழப்பின் சுவடு நெஞ்சில் இருக்கும் வேளையில், பாரியை இழந்த கபிலரின் குரல் மாணவர்க்குத் தொலைவிலிருந்து ஒலிப்பதாகத் தோன்றாது.

கதைமாந்தர் இறந்தால் எவர் உடலும் மண்ணுக்குச் செல்வதில்லை. ஆயினும் அதன்வழி நாம் துயரத்தைத் தாங்கவும், அதற்குச் சொல் தேடவும், பிறர் துயரின் அருகே அமரவும் பழகுகிறோம். உண்மையான இழப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் வரும். அந்நாளில் சொல்லின்றித் திகைக்காமல் இருக்க, நம் மாணவர்களின் சிறு கண்ணீரையும் மதித்து, அதற்குரிய தமிழை அவர்களுக்கு வழங்குவோமாக.